கல்வெட்டுத் திறப்பு விழா

பேருந்து நிலையக் கழிப்பறையைவிட அதன் கல்வெட்டு பெரிதாக இருந்தது. பேரூராட்சித் தலைவர் குழந்தைவேலு தொடங்கி அவருடைய மச்சினன் வரை பதினேழு பேர் அதில் ஏற வேண்டுமே!

சித்தாள் பூங்கொடி கூட்டத்தின் ஓரமாக நின்றாள். இருபது வருஷமாக ஊரில் பாதிக் கட்டடத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவள். ஒரு சுவரிலும் அவள் பெயர் இல்லை. இன்றாவது வருமா என்று எட்டிப் பார்த்தாள்.

புது விதிப்படி கல்வெட்டுகளெல்லாம் இப்போது மின்திரைதான். திறந்ததும் அதற்குள் இருக்கும் குட்டிக் கணினி நிரல், பெயர் கொடுத்தவர்கள் பட்டியலையும் வேலை செய்தவர்கள் பட்டியலையும் ஒப்பிடும். வேலை செய்யாதவர் பெயரை அழிக்கும். விட்டுப்போனவர் பெயரைச் சேர்க்கும்.

"இந்தக் கட்டடம் என் வியர்வை!" என்று மைக்கில் முழங்கிவிட்டுத் தலைவர் பட்டுத்துணியை இழுத்தார்.

திரையிலிருந்து மச்சினன் முதலில் போனான். பிறகு வரிசையாகப் பதினைந்து பேர். கடைசியாகத் தலைவரே போனார்.

"யோவ், பூமி பூஜையில நான் கடப்பாரை புடிச்சேன்ல?" என்று அலறினார்.

"புடிச்சீங்க," என்றார் செயல் அலுவலர் பணிவாக. "போட்டோ எடுத்ததும் கீழ வெச்சுட்டீங்களேங்க. அது வேலையில சேராதாமுங்க."

வெறுந்திரையில் கொத்தனார் சென்னியப்பன் பெயர் வந்தது. அடுத்து, தலைவர் பெயருக்கிருந்த அதே கொட்டை எழுத்தில், பூங்கொடி. கூட்டம் விசிலடித்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தலைவரே, கொஞ்சம் நவுந்து நில்லுங்க," என்றாள். "பேரு மறையுதுங்க."