மஞ்சள் போட்ட சோப்பு

பசியாவரத்துப் பெண்களின் சோப்புப் போட்டிக்குப் பொன்னேரியிலிருந்து நடுவர் படகேறி வந்திருந்தார். கடைச் சாயம் சேர்க்கக் கூடாது. இலை, கிழங்கு, மண்தான் நிறம் தரவேண்டும். முதல் பரிசு தையல் மிஷின்.

பச்சை, காவிக் கட்டிகளைத் தாண்டி, லோகநாயகியின் செக்கச்செவேலென்ற கட்டியில் அவர் கண் நின்றது.

"இது கடைச் சாயம்தானே?"

"இல்ல சார், மஞ்சள்."

"மஞ்சள் எப்படிம்மா செவக்கும்? யார்கிட்ட கதை விடுற?" என்று பட்டியலில் அவள் பெயரை அடிக்கப் போனார்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். லோகநாயகி முகம் பார்க்கும் கண்ணாடியை அவரிடம் நீட்டினாள்.

"சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவக்கும் சார். சோப்புக்குப் போடற காஸ்டிக் சோடா பட்டாலும் அப்படித்தான். நீங்க படகை விட்டு எறங்கினதும் ஆலம் சுத்தி நெத்தியில வெச்சேனே, அது இன்னா கலருன்னு பாருங்க."