நுனி மட்டும்

நுனி மட்டும்தான், பயப்படாதே என்று மனத்துக்குள் சொல்கிறாள். சேவலுக்கா தனக்கா, தெரியவில்லை. துண்டில் சுற்றிய சேவல் அவள் மடியில் படபடக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன் கால்முள்ளின் அடிப்பகுதி சிவந்து தெரிகிறது; அங்கே ரத்தம் ஓடுகிறது, மிச்சம் வெறும் கொம்பு. அந்தக் கொம்பை அரத்தால் மெல்ல மழுக்குகிறாள். இந்த முள் கிழித்த கோழி, முதுகில் மஞ்சள் மருந்தோடு, மூலையில் ஒடுங்கி நிற்கிறது. கணவன் கட்டிங் பிளேயரை நீட்டுகிறான்.

"அடியோட வெட்டித் தள்ளு. நகப்பூச்சு பூசுறவ மாதிரி உக்காந்திருக்க!"

"போன சேவலை நீங்க அப்படித்தான் வெட்டுனீங்க. ரத்தம் நிக்காமலே செத்துச்சு."

"இது மறுபடி கோழிங்களைக் கிழிச்சா?"

"மறுபடி ராவுறேன்."

கட்டிங் பிளேயர் அவன் கையிலேயே இருக்கிறது. அவள் சேவலைத் திருப்பி, அடுத்த காலை எடுத்துக்கொள்கிறாள்.