எட்டாவது ஜன்னல்

சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்த துடைப்பில் ஜன்னலே அழிந்துவிட்டது. ஏணியில் நின்ற சவரியப்பன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். கண்ணாடியின் நீலமும் திரைச்சீலையின் சிவப்பும் அதில் ஒட்டியிருந்தன. இங்கிலாந்து மாளிகை மாதிரியே துரை ஒருவர் மலைமேல் கட்டிய பங்களா அது. வாசலுக்கு இந்தப் பக்கம் நான்கு ஜன்னல், அந்தப் பக்கம் நான்கு. எட்டாவது மட்டும் சுவரில் வரைந்த படம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஜன்னலைக் கரைத்த மகாவீரன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டான். முதலாளி சாயங்காலம் வருகிறார். வேலை போகாமலிருக்க, பெயிண்டோடு மறுபடி ஏறினான்.

"நல்லா தேய்ச்ச போ. அடுத்து கதவையும் துடைச்சிராத" என்றாள், கீழே ஏணியைப் பிடித்திருந்த சமையல்கார லூர்தம்மாள்.

"ஏன்க்கா இங்க மட்டும் நிஜ ஜன்னல் வைக்கல? மேனேஜரக் கேட்டா அழகுக்குங்கறாரு."

"அழகுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இந்தச் செவத்துக்குப் பின்னால என் ரூமு. தொரைங்க தோட்டத்துல உலாத்துறத வேலைக்காரங்க பாக்கக் கூடாதுன்னு அடைச்சுக் கட்டுனது. பத்தொம்பது வருசமா பட்டப்பகல்லயும் லைட்டு போட்டுத்தான் தலை சீவுறேன்."

சவரியப்பன் பிரஷை டப்பாவுக்குள் போட்டான்.

"நீயே சொல்லுக்கா. வரையவா, இடிக்கவா?"

அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இடி."