பதினோரு கட்டுகளைக் காணோம்

"வைக்கோலைக் கட்டி டிரெய்லருக்குள் எறிகிற என் பழைய மிஷின், இனிமே கட்டை நிலாவுலயே கொண்டுபோய்ப் போடும்!" என்றார் ரிட்டையர்டு மெக்கானிக். எறியும் பகுதிக்குப் புது பெல்ட்டும் வேகமான மோட்டாரும் மாட்டியிருந்தார்.

"முதல்ல டிரெய்லர்ல விழுதான்னு பாப்போம். விழலைன்னா இரும்பு விலைக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க அண்ணி," என்றார் பழைய இரும்பு வியாபாரி.

மிஷின் ஓடியது. புழுதி அடங்கியதும் பார்த்தால் டிரெய்லர் காலி. தரையிலும் ஒரு கட்டைக்கூடக் காணோம்.

"பதினோரு கட்டு கட்டுச்சே! எங்கய்யா போச்சு?" மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"கட்டவே இல்லண்ணே. கதை விடாதீங்க!"

மிஷினைக் கட்டி இழுக்கக் கயிறு எடுக்க, வேலிக்கு அப்பால் நிறுத்தியிருந்த தன் லாரிக்குப் போன வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார்.

"பதினொண்ணும் என் லாரிக்குள்ள கிடக்கு. மிஷினை ஏத்த இடமே இல்லை. எறியுதுண்ணே... நல்லாவே எறியுது!"