பாறைக்கு எதிரே ஒரு வெளிச்சம்

ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பொன்மணி கடலடியில் படமெடுக்கத் தொடங்கிய முதல் வாரம் அது. கலங்கிய தண்ணீருக்கு ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் 8 என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளிப் பிடித்தால் தண்ணீரிலுள்ள தூசி படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழாது.

காலையில் அண்ணன் டில்லிபாபுவின் படகிலிருந்து இறங்கி, ஒரு பாறையைப் படமெடுத்துவிட்டு மேலே வந்தாள். ஸ்ட்ரோப்பைப் போட மறந்திருந்தாள். வெயில் மங்கலாகவே எட்டும் ஆழம் அது. ஆனாலும் படம் தெளிவாக இருந்தது. பாறைமேல் அவள் நிழல் விழுந்திருந்தது.

“பின்னாலருந்து யாரோ லைட் அடிச்சிருக்காங்க” என்றாள்.

“கீழ உன்ன உட்டா யாரும் கெடையாது. இங்க நம்மாளுங்க வலைகூட போட மாட்டாங்க. வா, பூடலாம்.”

“நான் இன்னாத்துக்குப் போணும்? எனக்கும்தான் கடலு.”

மறுபடி இறங்கி, பாறைக்கு முதுகு காட்டி நின்று எடுத்தாள். கண்ணுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. மேலே வந்து பார்த்தால் படமோ முழுக்க வெள்ளையாக இருந்தது, விளக்கை நேருக்கு நேர் எடுத்ததுபோல.

டில்லிபாபு நங்கூரத்தைத் தூக்கினார். பொன்மணி கயிற்றைப் பிடுங்கித் திரும்பத் தண்ணீரில் விட்டாள். வெளிச்சம் குறைவாகப் பதியும்படி ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கினாள். அப்பர்ச்சரை 22 வரை குறுக்கினாள். ஸ்ட்ரோப்பை முழு பலத்தில் வைத்தாள்.

“வெளிச்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சு. இப்ப லைட் அடிக்கிறவங்க மூஞ்சி பதியும்” என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

டில்லிபாபு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆழத்தில் ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. உடனே அதற்கு எதிரே இன்னொன்று பளிச்சிட்டது.