மஞ்சள் விளக்கு

“பட்டனை அமுக்கினா லைட்டு மின்னும். அத்த பாத்தா எல்லா வண்டியும் நின்னுடும். தைரியமா போ,” என்றாள் அம்சவல்லி.

எதிர்ப்பக்கத் தொழிற்சாலையில் அவள் மகள் ஐஸ்வர்யாவுக்கு அன்றுதான் முதல் ஷிப்ட். சாலையைக் கடப்பவர்களுக்காகக் கம்பத்தில் வைத்திருந்த பட்டனை அமுக்கினாள். மஞ்சள் விளக்கு மின்னியது. அதை நம்பிச் சாலையில் இறங்கினாள்.

படப்பைப் பக்கமிருந்து வந்த கம்பெனி பஸ் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

“அய்யோ, நில்லுடி!” அம்சவல்லி கொய்யாக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பிரேக் அலறியது. மகளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான்.

கூடிய கூட்டம் டிரைவர் அருள்பாண்டியைக் கீழே இழுத்தது. அம்சவல்லி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“லைட்டு மின்னுறது தெரில? கண்ணு இன்னா பொட்டையா? எம்பொண்ணு பூட்டிருந்தா நீயா குடுப்பே?”

அவன் கைகூப்பினான். “மன்னிச்சிருங்கக்கா. தெனமும் நான் வார நேரத்துக்கு லைட்டு மின்னுது. நானும் நிறுத்துதேன். ஒரு ஆளும் ரோட்டைத் தாண்டுனதில்ல. இன்னைக்கும் சும்மாதான் மின்னுதுன்னு நெனைச்சுட்டேன்.”

“சும்மா அமுக்கறவன் கைய ஒடிக்கணும்!” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அம்சவல்லியின் பிடி தளர்ந்தது.

முன்னால் நடந்தது எதுவும் தெரியாமல், பஸ்ஸின் பின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் கையை நீட்டி அம்சவல்லியைக் கூப்பிட்டாள்.

“யக்கா! இன்னைக்கும் பட்டன அமுக்கி நிறுத்திட்டீங்களா? சீக்கிரம் வாங்க, பஸ் கிளம்பிடும். எப்பவும்போல ரெண்டு கொய்யா!”