உப்புக் கரிக்குதா?

"ஆசிட்டை உப்பாக்கி, மேடையிலயே நக்கிக் காட்டப்போறேன் டீச்சர். நாயுடுபுரமே வாயைப் பொளக்கணும். நல்லபடியா நடந்தா ஒங்க வேலை பெர்மனென்ட்!"

தாளாளர் குமாரவேல் இப்படிச் சொன்னதிலிருந்து வேதியியல் ஆசிரியை சௌம்யாவுக்கு ராத்தூக்கம் போனது. நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்த மனுஷனோ நாக்கை வைத்துத்தான் பள்ளிக்கூடமே நடத்துகிறார். அந்த நாக்கு வெந்து போனால்?

ஆண்டு விழா மேடையில், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிவப்பு லிட்மஸ் தாளும் மாறவில்லை, நீலத் தாளும் மாறவில்லை. பெற்றோர் கைதட்டினார்கள். இனி தண்ணீரை வற்ற வைத்தால் சாப்பாட்டு உப்புதான்.

பாத்திரத்தை விடுதிச் சமையலறைக்குக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினாள். வற்றினால்தானே! அடியில் கஞ்சி மாதிரி ஏதோ கிடந்தது. ஒரு சொட்டு காஸ்டிக் சோடா கூடியிருந்தால்?

"டீச்சர், வெரசா வாங்க! சார் மைக்கைப் பிடிச்சுட்டாரு!" என்று வாசலில் கத்தினார் பியூன் நல்லசாமி.

சமையல்காரம்மாவைக் காணோம். அலமாரியில் 'உப்பு' என்று கொட்டை எழுத்தில் ஒரு டப்பா. முருகா, மன்னிச்சிரு! ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்பிக்கொண்டு ஓடினாள்.

குமாரவேல் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"ஆஹா! தூத்துக்குடி உப்பு தோத்துச்சு போங்க! என்னா கரிப்பு!"

தட்டு கீழே இறங்கியது. பெற்றோர் மலைக்கோயில் பிரசாதம் வாங்குவதுபோல் கையை நீட்டினார்கள். "சுள்ளுன்னு கரிக்குதுங்க!" என்றார்கள். கவுஞ்சி மலைக்கிராமத்திலிருந்து வந்திருந்த பூண்டு விவசாயி ராஜமுருகன் மட்டும் நாக்கைச் சுழற்றி யோசித்தார். மனைவி விலாவில் ஓர் இடி இடித்தாள். "பிள்ளை இங்க படிக்கணுமா, வேணாமா?"

"கரிக்கத்தான் செய்யுது" என்றார் அவர்.

விழா முடிந்ததும் குமாரவேல் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"பெர்மனென்ட் ஆர்டர் நாளைக்கு வந்துரும் டீச்சர்."

சௌம்யா கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணு," என்று குரலைத் தாழ்த்தினார். "பனிக்கு உப்பு கசியுதுன்னு சமையல்காரம்மா அதைச் சாடிக்கு மாத்திட்டு, அந்த உப்பு டப்பாவுல சீனியக் கொட்டி வச்சிருக்காங்க. அடுத்த வருஷமாவது சாடியில இருந்து எடுங்க டீச்சர், எனக்குச் சுகர் இருக்கு!"